தபாற்செலவு பூச்சியம்

சுன்னாகம் தபால் கந்தோரில்
அற்புதமலர் மூன்றாம் முறையும் கேட்கிறா:
"உள்ளுக்கை என்ன பிள்ளை?"
முழங்கால் பலகை.
விமானம் ஓட்டுறவை தொடையிலை கட்டி
அதிலை வைச்சு எழுதுவினம்.
"ஏன், மேசை இல்லையோ அவைக்கு?"
சுங்கப் படிவத்தில் எழுதுகிறா:
மரப்பலகை, சிறியது, ஒன்று.
ஐஸ்லாந்துக்குப் போகிறது.
முத்திரைக்காசு பலகையின் விலையை விடக் கூட.

மல்லாகத்தில் மருந்துக்கடைக்கு மேலே
பத்துக்குப் பன்னிரண்டு அறை, என் கடை.
பறந்த மணித்தியாலங்களை எழுதும் பதிவேடுகள்,
எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று
பிடித்துப் பார்க்கும் குழாய்கள்,
காதுக்கு வைக்கும் ஜெல் வளையங்கள்.
இரைச்சல் பாதியாய்க் குறைந்துவிட்டது, நன்றி
என்று எழுதுவார்கள் வாங்கியவர்கள்.
பொதி கட்டுமுன் விரலால் அமுக்கிப் பார்ப்பேன்.
இவ்வளவு மெத்தைதான் தேவைப்பட்டிருக்கிறது
விமானச் சத்தத்துக்கு.
அப்போது எங்களுக்கு யாரும் விற்கவில்லை.

பணம் முதலில் டென்மார்க்கில் இறங்கும்,
மச்சான் கோகுலரமணனின் கணக்கில்.
தன் பங்கைக் கழித்து மிச்சத்தை அவன் ஏற்றிவிட
மூன்று கிழமை.
காசுக்கு நேரடி விமானம் இல்லை.

வார், கொக்கி, உறை எல்லாம்
மரியநாயகம் அண்ணையின் தையல்.
சிவப்புப் பட்டி மட்டும் தைக்கமாட்டன் என்றார்.
நிற்கும் விமானத்தின் குழாய்வாயை மூடித்
தொங்கவிடுவது அது.
வெள்ளை எழுத்தில்: பறக்க முன் கழற்று.
"சிவப்பிலை வெள்ளை எழுத்தெண்டால்
அங்காலை கால் வைக்கக்கூடாது.
அதுக்கு ஏன் காசு குடுக்கினம்?"
பதினொரு வருசம்
மிதிவெடிக் காணிக்குப் பக்கத்தில் மாடு கட்டியவர்.
இது வேறை அண்ணை, கழற்றினால் போகலாம் என்றேன்.
ஒரு கிழமை வரவில்லை.
பிறகு நூறு பட்டி கொண்டுவந்தார்.
நூற்றொராவது
அவருடைய சைக்கிள் திறப்பில் தொங்கியது.

ஒரே ஒருவர்தான் ஒற்றை நட்சத்திரம் தந்தவர்.
குலுக்கலில் வார் தளர்ந்து
பென்சில் விழுந்துவிட்டதாம், பின்லாந்தில்.
வாசித்துக் காட்டினேன்.
ஊசியை நிறுத்திவிட்டு அண்ணை கேட்டார்:
"கீழை ஆக்கள் இருந்தவையோ?"

ஐப்பசியில் சென்னையிலிருந்து ஓர் ஓடர்.
துணை விமானி, பெயர் நிறைமதி.
"தபாலில் போடவேண்டாம்.
நாளை மதியம் பலாலிக்குத்தான் வருகிறேன்.
நாற்பது நிமிடம் நிற்போம்,
கவுண்டரில் கொடுத்துவிடுங்கள்."

ஸ்கூட்டியில் போனேன்.
முதல் தடையில் பொதியைப் பிரித்தார்கள்.
அடுத்ததில் பலகையைத் தட்டிப் பார்த்தார்கள்.
மீசை அரும்பாத சிப்பாய் ஒருவன்
தன் தொடையில் கட்டி, எழுதுவதுபோல் விரலை ஓட்டி,
ஹரி ஹரி என்று சிரித்துத் திருப்பித் தந்தான்.

கொடுத்துவிட்டு வேலியோரம் நின்றேன்.
அப்பால் வெயில், புல், சீமெந்து.
அம்மாவின் உறுதியில் அது
நாவலடிக்கலட்டி, பதினான்கு பரப்பு,
கிணறும் வழிவாய்க்காலும் உட்பட.
வடக்கெல்லை இராசம்மாவின் காணி என்றிருக்கும்.
இப்போது வடக்கெல்லை ஒரு வெள்ளைக்கோடு.
விமானம் இறங்கி, ஊர்ந்து, திரும்பி,
எங்கள் கிணறு இருந்திருக்கக்கூடிய இடத்தில்
நின்றது.
கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரியவில்லை.
வெள்ளைக் கைச்சட்டை ஒன்று
குனிந்து, மடியில் வைத்து
எதையோ எழுதிக்கொண்டிருந்தது.

இரவு பற்றுச்சீட்டு அடித்தேன்.
பலகை ஒன்று.
சிவப்புப் பட்டி ஒன்று, அன்பளிப்பு.
தபாற்செலவு பூச்சியம்.
அனுப்பிய இடம்: மல்லாகம்.
அழித்தேன்.
நாவலடிக்கலட்டி.
சேரும் இடம்: நாவலடிக்கலட்டி.
கணினி ஏற்கவில்லை.
இரண்டு முகவரியும் ஒன்றாக இருக்கக்கூடாதாம்.
ஒன்றின் பின்னால்
முற்றுப்புள்ளி வைத்துப் பார்த்தேன்.
அது போதுமாம்.