ஒண்டுமில்லை

பீல் நகரில் ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பெயர்,
ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று, ஒரே பலகையில்.
பத்மசீலனின் நோய்க்கும் அப்படித்தான்.
இரண்டுக்கும் நான் மொழிபெயர்ப்பாளர்.
மணிக்கு எழுபது ஃபிராங்க், பயணச் செலவு தனி.

செவ்வாய், இரண்டாம் மாடி.
டொக்டர் ட்ஸ்பிண்டன் திரையைத் திருப்புகிறார்.
குறுக்கே வெட்டிய கோவா போல ஒரு மூளை,
இவருடையதல்ல, யாரோ ஒருவருடையது, விளக்கத்துக்கு.
கண்ணுக்குப் பின்னால் ஓரிடத்தில்
ஏதோ பிழை என்று மணி அடிக்குமாம்.
உள்ளே ஆழத்தில் ஒரு முடிச்சு
சரி, போ என்று கதவைச் சாத்துமாம்.
இவருக்குக் கதவு சாத்துவதில்லை.
"ட்ஸ்வாங்" என்றார்.
"கட்டாயம்" என்றேன். போதவில்லை.
"மனம் பிடிச்ச பிடி" என்றேன்.
பத்மசீலன் தலையாட்டினார்,
திரையின் ஓரத்துத் தூசியைப் பார்த்தபடி.

அவர் ஓட்டுவது பாண் வான்.
அதிகாலை மூன்றரை, நீடாவிலிருந்து லிஸ் வரை.
சக்கரம் எதிலாவது ஏறி இறங்கினால்
(குழி, சாக்கடை மூடி, காற்று முறித்த கிளை)
ஆளோ என்று திரும்பிப் போவார்.
டோர்ச் அடித்துப் பார்ப்பார். யாருமில்லை.
ஏறி ஓட்டுவார்.
பார்க்க மறந்த பற்றை ஒன்று இருக்கும்.
திரும்புவார்.
ஒருநாள் பதினொரு தரம்.
லிஸ்ஸுக்குப் பாண் எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தது,
ஆறி.

வியாழன், அதே கட்டடம், முதலாம் மாடி.
மதாம் வியோமியேயின் அறையில் திரை இல்லை.
"யார் மேல் கோபம்?" என்கிறார்.
தமிழில் எப்படிக் கேட்டாலும்
அது குற்றம் சாட்டுவது போலாகிறது.
மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன்.
ஐந்தாம் வியாழன்தான் தம்பி வந்தான்.
கிளாலியில், வள்ளத்தில் ஓராளுக்கு இடம்.
இவர் ஏறினார்.
அடுத்ததில் அவன் வருவதாக இருந்தது.
முதல்நாள் இரவு, ஒரு சைக்கிளுக்காக,
"செத்துத் துலை" என்று சொல்லியிருந்தார்.
மதாம் பேனையை மூடி வைத்தார்.
திரும்பிப் போகாத ஒரு தரத்துக்காக
இத்தனை தரம் திரும்புகிறார் என்றார்.
அழகாக இருந்தது.
அழகாக இருந்ததால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

கிளாலியில் இரண்டு பேரை விட்டுவந்த என் மாமா
சூரிச்சில் லொறி ஓட்டுகிறார்,
பக்கக் கண்ணாடிகூடப் பார்ப்பதில்லை.
என் மேல்வீட்டுச் சுவிஸ்காரிக்குத் தம்பியும் இல்லை,
யுத்தமும் இல்லை,
கதவுப்பிடியை ஏழு தரம் துடைக்கிறாள்.
இதையெல்லாம் நான் சொல்லக்கூடாது.
மொழிபெயர்ப்பாளருக்குக் கருத்துக் கிடையாது,
ஒப்பந்தத்தில் நான்காம் பிரிவு.

பிறகு நவம்பர்.
ஏரியிலிருந்து ஏறிய மூடுபனி பத்து நாளாய் இறங்கவில்லை.
"இப்போதும் திரும்பிப் போகிறீர்களா?"
"இல்லை. மூண்டு கிழமையா இல்லை."
டொக்டரின் முகம் மலர்ந்தது. மாத்திரை பிடிக்கிறது.
"வான் குலுங்கும்போது என்ன நினைப்பு?"
"ஒண்டுமில்லை."

ஜெர்மனில் அதற்கு ஒரே ஒரு அசை.
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
சொன்னால், நல்லது என்று எழுதுவார்.
ஆனால் எங்கள் ஒண்டுமில்லை
காயம் ஆழமோ என்று கேட்டாலும் வரும்.
சாவு விழுந்த வீட்டில்
கதவைத் திறப்பவர் சொல்வதும் அதுதான்.
பார்த்தேன். அவர் சேர்ட்டில்
பொத்தான் ஒன்று தள்ளிப் பூட்டியிருந்தது.
நாலு தரம் தடவிப் பார்க்கிற மனிதர்.

நான்காம் பிரிவை மீறினேன்.
"அண்ணை, உண்மையா ஆள் கிடந்தா?"
"கிடக்கட்டும்" என்றார்.
"நானும் பக்கத்தில படுப்பன்."

சொல்லுக்குச் சொல் அதை மட்டும் மொழிபெயர்த்தேன்.
டொக்டர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.
கீழே தொலைபேசி அடித்தது.
மதாம் படியேறி வந்தார், மூச்சு வாங்க,
ஒரு கையில் இன்னும் தேநீர்க் கோப்பை.
முதல் தடவையாக இருவரும் ஒரே அறையில்,
ஒருவர் ஜெர்மனில், ஒருவர் பிரெஞ்சில்,
யார் முடிக்க யார் தொடங்குவது என்றில்லாமல்.
நடுவில் நான், வாய் திறந்தபடி.

பத்மசீலன் என் பக்கம் சாய்ந்தார்.
"என்னவாம்?"