மதிப்பு: ஒன்றுமில்லை

கார்மார்தன் வக்கீல் ஆபீசில்
மிஸ்டர் பீவன் ஒரு மரம் வரைந்தார்.
இலையில்லாத தலைகீழ் மரம்.
உச்சியில் இத்வாலின் தாத்தா.
கிளைக்குக் கிளை இறங்கிவந்த பென்சில்
என் பெயருக்குப் பக்கத்தில்
ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"ஒரு உயில் இருந்திருந்தால்…" என்றார்.
இல்லை.
பிஸ்கட் டின், கடிகாரத்தின் முதுகு,
ரயில்வே கோட்டின் உள்பை
எல்லாம் பார்த்தாயிற்று.
நாளைக்கு எழுதலாம் நாளைக்கு எழுதலாம் என்றே
எண்பத்தோரு வருஷம் இருந்துவிட்ட மனுஷன்.

எனக்கு ஆறு வயதில்
சிக்னல் விளக்கைக் கையில் பிடித்தபடி
எங்கள் வீட்டுக்குள் வந்தார்.
"அப்பா என்று கூப்பிட வேண்டாம், தெக்வென்.
இத்வால் போதும்."
நானும் கூப்பிடவில்லை.
அந்தச் சிக்கனத்துக்கு
இவ்வளவு வட்டி கேட்பார்கள் என்று
இரண்டு பேருக்கும் தெரியாது.

வீடு அம்மாவுடையது.
தகரத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம்
விரல்நுனி வெட்டுப்பட்டு அவள் கட்டிய கடன்.
அம்மா போனாள். வீடு இத்வாலுக்கு வந்தது.
எனக்கு அது உறைக்கவே இல்லை;
அதே சமையலறை, அதே நாற்காலிகள்.
இத்வால் போனார்.
வீடு எழுந்து
அவர் பக்கத்து ரத்தத்தைத் தேடிப் புறப்பட்டது
வாசலில் நின்ற என்னைத் தாண்டிக்கொண்டு.

ரத்தம் தேடித் தருவதற்கென்றே
ஆட்கள் இருக்கிறார்கள், கமிஷனுக்கு.
ஞானஸ்நானப் பதிவேடு, கப்பல் பயணிகள் பட்டியல்,
அடித்தல் திருத்தலோடு ஒரு கல்லறைக் கணக்கு.
ஐந்து மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்:
அர்ஜென்டினா, ட்ரெலியூ என்ற ஊர்,
அவருடைய சித்தப்பாவின் பேத்தி
எல்விரா பியூ. பல் மருத்துவர்.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடுமாம்.
இத்வால் குளியலறையில் விழுந்த இரவு
ட்ரெலியூவில் எது ஆடியிருக்கும்?
பாவம், அவளைச் சொல்லி என்ன.
இப்படி ஒருவர் இருந்ததே
அவர் இல்லாமல் போன பிறகுதான்
அவளுக்குத் தெரியும்.

இறப்பைப் பதியப் போனபோது
கவுன்ட்டர் பெண் பேனாவை அந்தரத்தில் நிறுத்தி
கொஞ்சம் யோசித்தாள்.
பிறகு எழுதினாள்:
'மரணத்தின்போது உடனிருந்தவர்.'
அதைவிடச் சரியாக என்னை
இதுவரை யாரும் எழுதியதில்லை.

பொருட்பட்டியல் எழுத
வீட்டை அறிந்தவர் ஒருவர் வேண்டுமாம்.
நானே எழுதினேன்.
சுவர்க் கடிகாரம் ஒன்று, ஓடாதது.
சிப்பி அள்ளும் வாரி, துருப்பிடித்தது.
காது மெஷின், வலது மட்டும்.
நாய் ஒன்று, கலப்பினம், வயது பன்னிரண்டு.
மதிப்பு: ஒன்றுமில்லை.

"நாயும் சொத்துதான்" என்றார் பீவன்.
"நான் வைத்துக்கொள்ளலாமா?"
"வாரிசு எழுத்தில் சம்மதித்தால்."
சிரித்துவிட்டேன். அவரும் லேசாக.
பட்டியலில் நாய் இருக்கிறது பாருங்கள்.

ஏழு வாரம் இரவல் நாயோடு
ஃபெரிசைடு கரையில் நடந்தேன்.
ஒவ்வொரு மாலையும் ஆறு மணி வண்டிக்கு
அது காதைத் தூக்கும்.
யாரும் இறங்காதது தெரிந்ததும்
என் முகத்தைப் பார்க்கும்,
நான்தான் ஏதோ தவறு செய்ததுபோல.

கடிதம் ஸ்பானிஷில் வந்தது.
நூலகத்துப் பையன் வாசித்துச் சொன்னான்.
நாய் உங்களுக்கே.
வீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை;
விற்கத்தான் போகிறாள், விற்கட்டும்.
கையெழுத்துக்குக் கீழே, வேறு மையில்:
'நாயின் பெயரைப் பட்டியலில் காணோமே?'

ஒரு தபால் அட்டை வாங்கி
அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் எழுதிப் போட்டேன்:
பெரோ.
இந்தப் பக்கம் பாதி நாய்களுக்கு அதுதான் பெயர்.
இத்வால் யோசிக்காமல் வைத்தது.

அப்புறம்தான் பையன் சொன்னான்,
அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு
'ஆனால்' என்று அர்த்தமாம்.

மேற்கொண்டு என்ன என்று
அட்டையைத் திருப்பியிருப்பாள்.
அந்தப் பக்கம்
நீர் வற்றிய முகத்துவாரம்,
தூரத்தில் ஒரு சிக்னல் கம்பம்.