பெயர்க் கட்டம்

புந்தா அரேனாஸில் கோடையிலும் காற்று ஆளைத் தள்ளும்.
நிறுத்தத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை
கட்டிவைத்த கயிற்றைப் பிடித்தபடி வந்தேன்.
கையுறை மாட்டும்போது மணி ஆறு நாற்பது.

ஒன்பதாம் படுக்கை: ஒஸ்வால்தோ பார்ரியா.
போர்வெனீரிலிருந்து படகில் வந்தவர், நண்டு பிடிப்பவர்.
குடலில் கத்தி வைத்துப் பதினோரு நாள்,
காய்ச்சல் இறங்கவில்லை.
வெள்ளிக்கிழமை இரவு அவருடைய ரத்தப் புட்டி
அலாரம் அடித்தது.
கண்ணாடிச் சில்லில் ஊதா முட்டைகள்,
சில மொட்டு விட்டபடி.
ஈஸ்ட். அது வரைக்கும் உறுதி.

சீரத்தில் இரண்டரை மணி நேரம் ஊறவைத்தேன்.
முளைக்குழல் விடவில்லை.
ஆக, எல்லாரும் முதலில் சந்தேகப்படும் ஆள் இல்லை.

பிறகு பட்டை.
பிளாஸ்டிக்கில் இருபது குழிகள்.
முதல் குழி வெறுமை, மற்றவற்றில்
காய்ந்து ஒட்டிய ஒவ்வொரு சர்க்கரை.
கலக்கிய நீரைச் சொட்டுச் சொட்டாய் விட்டு
முப்பது டிகிரியில் மூன்று நாள் பூட்டிவைத்தேன்.
இது ஒரு பந்தி.
நீ யார் என்று கேட்பதில்லை,
எந்த இலையில் கை வைத்தாய் என்றுதான் பார்ப்போம்.

இன்று திறந்தேன்.
கறுப்புக் கோடு போட்ட அட்டைமேல் பட்டையை வைத்துக் குனிந்தேன்.
கோடு தெரிந்தால் பட்டினி,
கோடு மங்கினால் சாப்பிட்டிருக்கிறது.
குளுக்கோஸ், மங்கல்.
லாக்டோஸ், கோடு கத்தி மாதிரி.
மால்டோஸ், சுக்ரோஸ், ரஃபினோஸ்
வரிசையாகப் பால் கலந்த நீர்.
கேலக்டோஸ்தான் படுத்தியது.
மங்கலா, என் மூக்குக்கண்ணாடியின் ஈரமா?
துடைத்துவிட்டுப் பார்த்தேன். மறுபடி துடைத்தேன்.
பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

மும்மூன்றாய்க் கூட்டினால் ஏழு இலக்கம்.
கணினிக்கு ஒரு நொடி:
ரோடோடொருலா.
தொண்ணூற்றொன்பது சதவீதம். பக்கத்தில்
'மிக நல்ல அடையாளம்'.

ரோடோ என்றால் கிரேக்கத்தில் ரோஜா.
அந்தக் குடும்பம் தட்டில் பவழமாய்ப் பூக்கும்.
என் தட்டில் தயிர் வெள்ளை.
சனிக்கிழமையும் தயிர் வெள்ளை, இன்றும்.

கிட்டைக் குற்றம் சொல்லவில்லை.
உன் பட்டியலில் யார் சாயல் என்று கேட்டோம்,
சொன்னது.
பட்டியல் அச்சான பிறகு வந்து சேர்ந்தவன்
வாசலில் நின்றால்
பக்கத்து வீட்டுக்காரன் சட்டையை மாட்டித்தான்
உள்ளே விடும்.

நாற்பத்திரண்டு டிகிரியில் ஒரு தட்டு வைத்திருந்தேன்,
யாரும் சொல்லாமல்.
அந்தச் சூட்டில் ரோஜாக் குடும்பம் தாங்காது.
இது தட்டு முழுக்கப் படர்ந்திருந்தது.

யெர்க்கோ மாருசிச் கூப்பிட்டார்.
"பேர் வந்துச்சா, நெலிடா?"
"வந்துச்சு. தப்பான பேர்."
காற்று ஜன்னலைக் குலுக்கியது, இரண்டு முனையிலும்.
"என்கிட்ட ரெண்டு மருந்து இருக்கு. எது?"
"ஃபுளுகோனசோல் வேண்டாம்.
வில்லையின் விளிம்பு வரைக்கும் வந்து முட்டுது."
"பேர் இல்லாம சொல்றே."
"பேர் இல்லாமத்தான் சொல்றேன்.
அவரைத் தனி அறைக்கு மாத்துங்க, டாக்டர்.
கட்டில் கம்பியையும் துடைக்கச் சொல்லுங்க."

பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால்
மென்பொருள் சேமிக்காது.
மூன்று முறை சிவந்தது.
கீழே உருட்டி, கடைசியில்,
'மற்றவை' என்பதற்கும் கீழே,
ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.

சாந்தியாகோவுக்குப் பெட்டி கட்டியாகிவிட்டது,
குப்பிக்குள் குப்பி, அதற்குமேல் அட்டை.
காற்றால் இரண்டரை மணி விமானம் இல்லை,
ஆறு மணிக்கும் உறுதியில்லையாம்.
பெட்டி என் மேசையில், ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில்.
உள்ளே சாய்ந்த அகாரின்மேல்
அது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.