தீப்பெட்டியின் உயரம்

வயரை இப்படி வளைத்து
அடியில் ஒரு தீப்பெட்டி கொடுத்து
தீப்பெட்டி நகராமல்
சூப் கரண்டியைக் குறுக்கே கிடத்தினால்
மின்சாரம் வரும்.
இரண்டு குளிர்காலமாய் எங்கள் வீட்டுச் சட்டம் இது.

மேசைப் பக்கம் வந்தால் பல்தாசர்
மூச்சைப் பிடித்துக்கொள்வான்.
பூனைகூடச் சுவரோரமாய்ப் போகும்.
தும்மல் வந்தால் அடுக்களைக்கு ஓடு என்பேன்.
வல்திவியாவில், விடாமழை ஜூலையில்,
யாருக்குத்தான் தும்மல் வராது?

ஆற்றங்கரை மீன்சந்தைக் கணக்கு என் கையில்.
பதினேழு படகு.
யார் எத்தனை கிலோ கொங்ரியோ இறக்கினார்கள்,
ஐஸுக்கு யார் கடன்.
வெள்ளி இரவு கடைசிக் கூட்டலுக்கு வரும்போது
திரை இருண்டது.
அதில் என் முகம், வாயைத் திறந்தபடி.

பாட்டரி என்றார்கள். மாற்றினேன்.
சார்ஜர் என்றார்கள். பழைய சாமான் சந்தையில் ஒன்று வாங்கினேன்,
பிறகு இன்னொன்று.
வயரிங் சரியில்லை என்று வீட்டுக்காரரோடு
வாடகை நாளில் ஒரு சண்டையும் போட்டேன்.
கடைப் பையன் சிரிக்காமல் சொன்னான்:
"பதினோரு வயசு, செஞோரா. புதைச்சிடுங்க."
புதைக்கக் காசு வேண்டாம்.
புதிதுக்கு வேண்டுமே.

ஞாயிறு. ஈர விறகு அடுப்பில் சீறிக்கொண்டிருந்தது.
பாட்டரியை முதலில் கழற்றிவைத்தேன்.
திருகாணிகள் முட்டை அட்டைக் குழிகளில்,
வந்த வரிசையில்.
அடிமூடியைப் பெயர்த்தால்
பூனைமயிர், ரொட்டித் துணுக்கு,
எப்போதோ உடைந்த என் நகம் ஒன்று
அரைநிலாவாய், அதே சிவப்புச் சாயத்தோடு.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்.
சார்ஜர் முனையில் பத்தொன்பதரை வோல்ட்.
ஜாக்கின் காலில் பத்தொன்பதரை.
மயிரிழை தள்ளி, பலகையில்,
பூஜ்யம்.
சாமி வரம் கொடுத்தாயிற்று.
பூசாரிதான்.

பல்தாசரின் தபால்தலை லென்ஸில் தெரிந்தது:
காலைச் சுற்றி ஈயத்தில் வட்டமாய் ஒரு விரிசல்,
கண்ணுக்கு மை இழுத்த மாதிரி.
இவ்வளவுதானா.
வயரை அழுத்தினால் ஒட்டும், விட்டால் விலகும்.
தீப்பெட்டியின் உயரத்துக்கு அர்த்தம்
அப்போதுதான் புரிந்தது.

நோல்ஃபா கண்ணாடி விளக்குக்கூடு செய்கிறவள்.
அவளுடைய சால்டரிங் கோல் மாட்டுக்கொம்புப் பருமன்.
முனையில் செப்புக்கம்பி சுற்றி
மிச்சத்தை ஊசியாய் நீட்டிவிட்டேன்.
மூன்று எண்ணும் வரை சூடு,
நாலானால் பலகை உரியும்.
முதல் தடவை ஈயம் வழிந்து
பக்கத்துக் காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டது.
உறிஞ்சி எடுத்தேன். திட்டினேன், யாரை என்று தெரியவில்லை.
இரண்டாம் தடவை
பிசின் புகைக்கு நடுவே அது உருகி,
ஒரு கணம் நடுங்கி,
தானாகக் கோபுரமாய் நின்றது.

மூடினேன். பொத்தானை அழுத்தினேன்.
ஒன்றுமில்லை.
மறுபடி. ஒன்றுமில்லை.
புதைச்சிடுங்க என்ற குரல் காதில் கேட்கும்போது
பல்தாசர் மெதுவாகச் சொன்னான்:
"உனக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு
பிளக்கைப் பிடுங்கினேன், அம்மா.
திரும்பச் சொருகல."

சொருகினான். ஆரஞ்சு விளக்கு எரிந்தது.
வயரை ஆட்டினேன். எரிந்தது.
மேசையை உதைத்தேன். எரிந்தது.
முட்டை அட்டையில் ஒரு திருகாணி மிச்சம்.
எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை,
அதுவும் சொல்லவில்லை.

இன்று புதன்.
பல்தாசர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேசையைக் கடந்தான்.
பூனை சுவரோரமாய்.
எனக்குத் தும்மல் வந்தது,
நாற்காலியைத் தள்ளிவிட்டு அடுக்களைக்கு ஓடினேன்.
ஓடியதுதான் ஓடினோம், அடுப்பையாவது மூட்டலாம் என்று
அந்தத் தீப்பெட்டியைத் திறந்தேன்.
உள்ளே மூன்று குச்சி.
மூன்றும் நமுத்திருந்தன.