பதினெட்டாவது பெயர்

இருபத்து மூன்று பேரைப் பதினெட்டாக்க வேண்டும்.
முருகன்குறிச்சி டீக்கடை பெஞ்சில் மூன்று பேர்:
கோச் ஞானசிங்,
பனியன் செலவை ஏற்ற பெயின்ட் கடை நயினார்,
கணக்கு எழுதுகிற நான்.

என் நோட்டில் இருப்பது மூன்று பயிற்சி ஆட்டம்.
மூன்றும் ஆடியில்.

முதலாவது பணகுடி.
காற்றாலை இறக்கை ஓயாத ஊரில்
பந்து நேரே போனால்தான் அதிசயம்.
உச்சினிமாகாளி முதல் பாதி முழுக்கக்
கண்ணில் மண்ணோடு நின்று நாலு கோல் வாங்கினான்.
இரண்டாம் பாதிக்கு மீரானை இறக்கினோம்.
அவனுக்குக் காற்று முதுகுப் பக்கம்.
எதிராளி அடித்த பந்தெல்லாம்
பாதி வழியில் யோசித்து நின்றது.
காளி நாலு, மீரான் பூஜ்ஜியம் என்று எழுதினேன்.
அம்மியே பறக்கிற மாதத்தில்
காற்றுக்கென்று ஒரு கட்டம்
போட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, எங்கள் மைதானத்தில்
பேட்டைப் பையன்களோடு.
ஒன்பது பேராக வந்தார்கள்.
ஒருவனுக்கு இரவு ஷிப்ட், ஒருவனுக்கு நிச்சயதார்த்தம்.
திருப்பி அனுப்ப மனமில்லாமல்
வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு பேரைக் கடன் கொடுத்தோம்.
அதில் ஒருவன் இசக்கிதுரை, இடது பக்கத் தடுப்பு.
பச்சைப் பனியன் அவனுக்கு இறுக்கம்.
பக்கத்தில் ஓடுகிறவன் பெயர்கூடத் தெரியாமல்
"ஏ பச்சை, ஏ பச்சை" என்று கத்தியே
எங்கள் செல்வினை எழுபது நிமிடம்
கோட்டோரமாக ஓட்டி வெளியே விட்டான்.
ஒன்றுக்கு பூஜ்ஜியம் என்று ஜெயித்தோம்.
அந்த ஒன்றும் வலது பக்கம் விழுந்தது.
அவனை எந்தப் பக்கத்தில் எழுதுவது?
எங்கள் ஆள்.
ஆடியது எங்களுக்கு எதிராக.
மழை வருகிற மாதிரி இருந்தது, நோட்டை மூடிவிட்டேன்.

மூன்றாவது ஆட்டம் அம்பாசமுத்திரம்.
சாரலில் இருபது நிமிடத்தோடு போனது.
அந்த இருபது நிமிடத்தை வைத்தே
நயினார் மூன்று பேரைப் புகழ்ந்தார்.
அவர் வந்து பார்த்த ஒரே ஆட்டம்.

பதினேழு பெயர் ஒரு டீயில் முடிந்தது.
கடைசிப் பெயருக்குத்தான் இரண்டாவது டீ, மூன்றாவது டீ.
"இசக்கிதுரை" என்றார் கோச்.
"பால்துரை" என்றார் நயினார்.
பால்துரைக்கு முப்பத்தாறு வயசு.
அவர் திரும்புவதற்குள் பந்து போய்த் திரும்பியும் வந்துவிடும்.
"இருக்கட்டும்வே. அவன் இல்லன்னா டெம்போ யாரு கொடுப்பா?
ராதாபுரத்துக்குப் பந்தை உருட்டிக்கிட்டே போவாங்களா?"
கோச் சிரித்துவிட்டார்.
அந்தச் சிரிப்பில்தான் பேனா என் கைக்கு வந்தது.

மறுநாள் விளையாட்டுச் சாமான் கடை ஷட்டரில் தாள்.
ஊர் நின்று படித்தது.
சலூன்காரர் இரண்டு கோல்கீப்பரையும் மாற்றச் சொன்னார்.
மீரானின் மாமா, "பூஜ்ஜியம்னா சும்மாவாலே" என்றார்.
செல்வின் யாரென்றே தெரியாத ஒருவர்
செல்வினைக் கேப்டனாக்கிவிட்டுப் பஸ் ஏறினார்.
விட்டுப்போன ஐந்து பெயரைப் பற்றிப் பேச
ஐந்து வீட்டு ஆட்கள்தான்.

இசக்கிதுரை பரோட்டாக் கடை வேலை முடிந்து வந்தான்,
முழங்கை வரை மாவு.
விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தான்.
பால்துரையில் விரல் நின்றது.
தாளுக்கு அந்தப் பக்கம் திருப்பியும் பார்த்தான்.
பிறகு என்னிடம் ஒன்றே கேட்டான்:
"அண்ணாச்சி, பேட்டை ஆட்டத்துல என்னப் பத்தி
நோட்டுல என்ன எழுதியிருக்கிய?"
எதுவுமில்லை என்று சொல்லியிருக்கலாம்.
"நல்லாத்தாம்லே எழுதியிருக்கு" என்றேன்.
அவன் நம்பினான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து, பெயர்ப் பதிவுக்குப் போன இடத்தில்
பேட்டைக்காரர்களின் தாள் மேஜைமேல் கிடந்தது.
எல்லாப் பெயரும் கறுப்பில்,
கடைசியாக ஒன்று நீல மையில்.
அதற்கு நேரே
யாரோ கவனமாக எழுதியிருந்தார்கள்:
பனியன், பெரிய சைஸ்.