வலது மூலை

ஃபைலகா தீவில் மார்ச்சிலேயே வெயில் பல்லைக் காட்டுகிறது.
ஒன்பதாம் குழி எனக்கு.
வெட்டுவதும் நானே, சலிப்பதும் நானே.
மணல், மணல், ஒரு பேரீச்சங்கொட்டை,
மீன் முள், மறுபடி மணல்.
பிறகு மண்வெட்டி நங்கென்றது.

ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்
இங்கே சாமியார்கள் இருந்தார்களாம்,
சிலுவை வைத்துக் கும்பிட்ட சாமியார்கள்.
அவர்கள் கோயில் சுவர் இப்போது என் முழங்கால் உயரம்.
அதன்மேல் உட்கார்ந்துதான் பத்து மணிக் குபூஸைத் தின்போம்.
முதீர் வந்தால் எழுந்துவிடுவோம்.

ஸ்லாவிட்ஸா மேடம் குப்புறப் படுத்து
தூரிகையால் கல்லின் முகம் துடைத்தார்.
எழுத்துக்குள் கிடந்த மணலை
பிள்ளை கண்ணில் விழுந்த தூசிபோல ஊதினார்.
வலமிருந்து இடம் போகும் எழுத்து.
உடைந்திருந்தது வலது மூலை.
பேர் போய்விட்டது என்றார்.
மிச்சம்:
‘யோஹன்னானின் மகன்’.
அதற்குக் கீழே பாதிச் சிலுவை.

மூலையைத் தேடி மூன்று நாள் சலித்தேன்.

அவர் செர்பியாக்காரர்.
அங்கே மலைமேல் கூரையில்லாத ஒரு தேவாலயம்.
அதன் கல்லறைக் கல்லொன்று
மாட்டுத்தொழுவத்துக்கு வாசற்படி ஆனதாம்.
‘இதோ கிடக்கிறான்’ வரை படிக்கலாம்.
யார் என்பதை மாடுகள் தேய்த்துவிட்டன.

எங்கள் பக்கம் ‘இன்னான் பட்டான் கல்’ என்றிருக்கும்,
ரேஷன் கடைக்குப் பின்னால்,
பால் கேன் இறக்கி வைக்க வசதியாக, என்றேன்.
பட்டான் என்றால்?
விழுந்தான்.
நோட்டில் எழுதிக்கொண்டார்,
இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்,
‘ட’ வரவில்லை.

தினமும் விடிகாலை படகேறுமுன் தலை எண்ணுவார்கள்.
‘மாதையன்!’
கை தூக்குவேன்.
எந்தக் கட்டத்தில் எந்தப் பேர் என்று
சேலத்து ஏஜென்டுக்குக் குழப்பம்.
பாஸ்போர்ட்டில் ஏறியது பத்தாக்காவிலும் ஏறிவிட்டது.
மாதையன் என் அப்பா.
செத்துப் பதினோரு வருஷம்.
முதல் மாதமெல்லாம் திரும்பிப் பார்த்தேன்,
வரிசையில் பின்னால் நிற்கிறாரோ என்று.
இப்போது குளியலறைக்குள் இருந்தாலும்
அந்தப் பேருக்குத்தான் வாய் ‘ஆங்’ என்கிறது.
என் பேரைச் சொல்லி
இந்த நாட்டில் கடைசியாகக் கூப்பிட்டது
வீட்டிலிருந்து வந்த போன்.

நான்காம் நாள் கலாஸ் என்றார்கள்.
மூலை கிடைக்கவில்லை.
கல்லைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் கிடத்தினோம்.
நாலு பேர் தூக்கினோம்,
முன்னால் இருவர், பின்னால் இருவர்.
கனம் பழகிய கனமாக இருந்தது.
லாரி வரை யாரும் பேசவில்லை,
எப்போதும் பேசும் யாகூப்கூட.

பதிவேட்டில் ஒரு கட்டம்: கண்டெடுத்தவர்.
ஃபோர்மேன் என் பத்தாக்காவை வாங்கிப் பார்த்து
மாதையன் என்று எழுதினான்.
மறுக்க வாயெடுத்தேன்.
அப்பா கடலையே பார்த்ததில்லை.

இருக்கட்டும் என்று
சல்லடையை உதறினேன்.