என்

டண்டீயில் மழை விடாத சனிக்கிழமை.
தேவாலயத்து நிலவறையில்
காப்பீட்டுக் கம்பெனி கழித்துவிட்ட மடிக்கணினிகள்.
கோப்புகளை எல்லாம் அழித்து முடித்தேன்.
விசைகளுக்கடியில் யாரோ தின்ற பிஸ்கட் தூளை அழிக்க
ஆணை எதுவும் இல்லை;
கவிழ்த்துத் தட்டினேன்.

ஒன்றில் ‘என்’ விசை பெயர்ந்திருந்தது.
அதைத்தான் எடுத்தாள் எய்லி மெக்கின்னன்.
பதினெட்டு ஆகப்போகிறது,
அடுத்த மாதம் காப்பகம் கணக்கு முடித்துவிடும்.
வேறு தரட்டுமா என்றேன்.
“இதில்தான் பேட்டரி நிற்கிறது.”

அங்கேயே உட்கார்ந்து
வாடகை அறைக்கு விண்ணப்பம்.
பெயர்க் கட்டத்துக்கு வந்ததும்
பேனா முனையால் அந்த ரப்பர் மொட்டைக் குத்துகிறாள்:
என்.
என்.
ஓரெழுத்து தள்ளி
இன்னுமொரு என்.

தற்போதைய முகவரி
என்ற கட்டத்தில்
கர்சர் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.